கலாவுக்கு: மருந்தியல் வகுப்பை எங்கே தொடங்குவது?

திருவாரூர்,
ஐப்பசி கடைசி வாரம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் கைக்கு வந்தது. நர்சிங் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்ததும் மருந்தியல் பாடத்தை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று படித்து வாய்விட்டுச் சிரித்தேன். விடுதியில் அந்தப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கியவள் நீதானே! பயப்படாதே, மாணவிகளிடம் சொல்ல மாட்டேன்.

இங்கே அடைமழை. ஓடம்போக்கி ஆற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது. நட்ட சம்பாப் பயிர் முழுகிவிடுமோ என்று அப்பா குடையும் மண்வெட்டியுமாக வடிகால் வாய்க்காலே கதியென்று கிடக்கிறார். முழங்கால் வலிக்கு மாத்திரை மட்டும் என்னிடம் கேட்கிறார், வயலுக்குப் போகாதீர்கள் என்றால் காது கேட்பதில்லை.

முதல் வகுப்பில் என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். மருந்துகளை வகை பிரித்து ஒப்பிக்கச் சொல்லித் தொடங்காதே. அது தேர்வுக்கு உதவும், வார்டுக்கு உதவாது. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தும் வேண்டியவைதான். ஆனால் அவை சீட்டையும் குப்பியையும் ஒத்துப் பார்ப்பதற்கு. ஐந்தும் சரியாக இருந்தும் கொடுக்கக் கூடாத வேளை ஒன்று வரும். அதைக் கண்டுபிடிக்கத்தான் மருந்தியல்.

இதய நோய்க்குக் கொடுக்கும் டிகாக்சினை எடுத்துக்கொள். காலை எட்டு மணிக்கு 0.25 மில்லிகிராம் என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறது. பெயர் சரி, கட்டில் சரி. ஆனால் அந்த அம்மாளுக்கு நேற்றிலிருந்து குமட்டல், சோறு இறங்கவில்லை. பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்கிறாள். நீர் பிரிய லேசிக்ஸும் போய்க்கொண்டிருக்கிறது. மருந்தியல் படித்தவளுக்கு இங்கே பொறி தட்ட வேண்டும். லேசிக்ஸ் சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். இதயத்தின் தசைச் செல்லில் டிகாக்சின் போய் ஒட்டும் இடத்துக்குப் பொட்டாசியமும் போட்டி போடுகிறது. அது குறைந்தால் அதே அளவு மாத்திரை நஞ்சாக வேலை செய்யும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கே உடலில் பாதி மருந்து வெளியேற ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூடும். அதனால்தான் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தி வைத்து டாக்டரைக் கூப்பிட வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது இங்கே செல்லாது, துடிப்பு தவறித் தவறி வருவது அதில் தெரியாமல் போகும்.

ஆகவே எந்த மருந்தைச் சொல்லிக் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன் நோயாளியிடம் எதைப் பார்ப்பாய், கொடுத்த பிறகு எதைப் பார்ப்பாய் என்று கேள். பதில் வராவிட்டால் அந்த மருந்தை அவள் படிக்கவில்லை என்று அர்த்தம்.

இந்த மழையில் எங்களுக்குப் பாம்புக்கடி கேஸ்கள்தான் அதிகம். வரப்பில் கால் வைக்கும்போது கடிபட்டவர்களும் வருகிறார்கள், தரையில் பாய் விரித்துத் தூங்கும்போது கட்டுவிரியனிடம் கடிபட்டவர்களும் வருகிறார்கள். பின்னவர்களில் பலருக்குக் கடித்ததே தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி என்பார்கள், பிறகு கண் இமை தொங்கத் தொடங்கும். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கக் கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறோமே, அந்தக் குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலும், சோப்புத் தூள் போட்டுக் கழுவியதாக இருந்தாலும் முடிவு பிழைக்கும். இதையெல்லாம் மாணவிகளின் கையாலேயே செய்ய வை.

விஷமுறிவு மருந்து குப்பிக்குள் பொடியாக இருக்கும். 10 மி.லி. காய்ச்சி வடித்த நீரை விட்டு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மெதுவாக உருட்ட வேண்டும். அவசரத்தில் குலுக்கினால் நுரைதான் வரும். போன வாரம் எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். பெரியவர்களுக்குப் போல அவனுக்கும் முதலில் 10 குப்பி என்றதும் பயிற்சி மாணவி ஒருத்தி, "சிஸ்டர், எடைக்குத் தகுந்த மாதிரி குறைக்க வேண்டாமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. கடித்த பாம்பு பையன் சின்னவன் என்று பார்த்தா விஷத்தைக் குறைத்தது? இந்த மருந்தின் கணக்கு உடம்போடு அல்ல, உள்ளே போன விஷத்தோடு. அவள் முகம் தெளிந்தது. ஆனால் அங்கேயே நிறுத்தாமல் அடுத்ததையும் சொன்னேன். இது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த புரதம், உடல் ஒவ்வாமல் சீறலாம். அதற்காக அட்ரினலினைத் தயாராக வைக்கிறோம். பெரியவருக்கு தொடைத் தசையில் 0.5 மில்லிகிராம், பையனுக்கோ கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். எடைக் கணக்கு இங்கே திரும்பி வந்துவிட்டது. ஒரே கட்டிலில், ஒரே நேரத்தில், இரண்டு மருந்துக்கு இரண்டு நியாயம். மருந்து ஏறத் தொடங்கியதும் பக்கத்தை விட்டு நகராமல் தடிப்பு, அரிப்பு, இருமல், மூச்சிரைப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். பையன் பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டான்.

பொட்டாசியம் குளோரைடு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 10 மி.லி. ஆம்பியூலில் 20 மில்லி ஈக்விவலென்ட் (உப்புகளை அளக்கும் அலகு) பொட்டாசியம் இருக்கிறது. கலக்காமல் நேராக ரத்தக் குழாயில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். காய்ச்சி வடித்த நீரின் ஆம்பியூலும் அதுவும் பக்கத்தில் வைத்தால் அக்காள் தங்கை போல இருக்கும். ஊசி ட்ரேயில் அதற்கு இடமே கொடுக்கக் கூடாது.

இன்சுலினுக்கு மட்டும் ஒரு முழு வகுப்பை ஒதுக்கு. நம் நாட்டில் குப்பியில் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட், பேனா வடிவ ஊசியில் 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மாற்றிச் செய்தால் 50 யூனிட் போய்விடும். இரண்டு சிரிஞ்சையும் மாணவிகள் கையில் கொடுத்து, தண்ணீரை இழுக்கச் சொல்லி, இந்தக் கணக்கை அவர்களையே போட வை. சாதாரண இன்சுலின் போட்டு அரை மணியில் சாப்பாடு வர வேண்டும். வரவில்லை என்றால் விசாரிப்பதும் நர்ஸின் வேலைதான், சமையல்கட்டின் தலையில் போட்டுவிட்டுப் போக முடியாது. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரலால் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை இறங்கினால் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் மறைந்துவிடலாம், வியர்வை மட்டும் மறைவதில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் பழக்கு.

குழந்தைகள் வார்டில் இன்னொரு குழி இருக்கிறது. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மில்லிகிராம், வழக்கமான சிரப்பில் 5 மி.லி.க்கே 125 தான். சிரப்புக்குப் பழகிய தாய் சொட்டு மருந்திலும் ஒரு மூடி ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும். பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 போதும். அளவை வாயால் சொன்னால் போதாது, அம்மாவை ஊற்றிக் காட்டச் சொல்ல வேண்டும்.

மருந்தின் பெயரும் ஒரு வம்பு. கொரடாச்சேரி பக்கத்துப் பாட்டி ஒருத்தி இரண்டு காலும் வீங்கி வந்தாள். சிறுநீரகம் போய்விட்டது என்று மகன் பதறினான். முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு அட்டைகளைக் காட்டினாள். ஒன்று தனியார் டாக்டர் எழுதிய கம்பெனிப் பெயர் மாத்திரை, மற்றது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தது. அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு, உள்ளே இருந்தது இரண்டிலும் அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்து. இரண்டையும் பயபக்தியோடு தினமும் விழுங்கியிருக்கிறாள். அளவு கூடினால் அந்த மருந்துக்குக் கணுக்கால் வீங்கும். டாக்டர் ஒன்றை நிறுத்தினார், சில நாளில் வீக்கம் வடிந்தது. அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் சொந்தப் பெயரைப் படிக்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்திவிடு.

உன் மாமியாருக்குத் தைராய்டு மாத்திரை சாப்பிட்டும் அளவு சரியாக வரவில்லை என்று எழுதியிருந்தாயே, எதோடு விழுங்குகிறார் என்று கேட்டாயா? கும்பகோணத்தில் இருந்துகொண்டு விடிந்ததும் காப்பி குடிக்காதே என்று சொல்வது பாவம்தான். ஆனாலும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, குறைந்தது அரை மணி கழித்துக் காப்பி. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் அவற்றுக்கும் இதற்கும் நாலு மணி இடைவெளி. இதைச் சரி செய்துவிட்டுப் பிறகு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், அதற்குள் அளவைக் கூட்ட வேண்டாம் என்று அண்ணனிடமும் சொல்.

தை அறுவடை முடிந்து அப்பா வீட்டில் அடங்கியதும் கும்பகோணம் வருகிறேன். உன் பள்ளியில் இரண்டு வகைச் சிரிஞ்சும், பாராசிட்டமாலில் சொட்டும் சிரப்பும் இருக்கின்றனவா என்று பார்த்து எழுது. இல்லாததை இங்கே மருந்தாளுநரிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
விஜயா