ஐந்து மில்லிகிராம் அலுமினியம்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ ஆறு மாதம் தேய்த்து உருவாக்கிய ஆறு அங்குலத் தொலைநோக்கிக் கண்ணாடிக்கு, வெற்றிடக் கலத்தில் வைத்து அலுமினியப் பூச்சு ஏற்றியாகிவிட்டது. முதல் முறை தவறி, இரண்டாம் முறைதான் தேறியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் நாள், கலத்திலிருந்து காற்றை வெளியேற்றும் ரோட்டரி பம்பு, டிஃப்யூஷன் பம்பு இரண்டும் வெகுநேரம் ஓடியும் உள்ளே அழுத்தம் 10⁻⁴ டாருக்குக் (ஒரு டார் என்பது வளிமண்டல அழுத்தத்தில் 760இல் ஒரு பங்கு) கீழே இறங்கவில்லை. பொறுமையிழந்து, அலுமினியத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் இழைக்கு மின்னோட்டம் கொடுத்தேன். அது என் பிழை. படிந்த படலம் மங்கிப் பழுப்பேறியிருந்ததோடு, ஓரத்தில் செல்லோடேப்பை ஒட்டி இழுத்தபோது கையோடு உரிந்தும் வந்தது. மறுநாள் கலத்தைத் திறந்து பார்த்தால், காற்றுப் புகாமல் அடைக்கும் ஓ-ரிங்கின் மேல் ஒற்றைத் தலைமுடி!

10⁻⁶ டார் அழுத்தத்திலேயே, மிச்சமிருக்கும் வாயு ஏறக்குறைய ஒரு வினாடியில் கண்ணாடியின் மேல் ஓர் அணு அடுக்குக்குப் போதுமான அளவு வந்து மோதுகிறது. 10⁻⁴ என்றால் அதைப்போல் நூறு மடங்கு. அலுமினியமோ ஆக்சிஜனை விடாமல் பற்றிக்கொள்ளும் உலோகம். ஆகவே வெற்றிடமும் ஆழமாக இருக்க வேண்டும், ஆவியும் விரைந்து வந்து படிய வேண்டும்.

கெட்டுப்போன படலத்தை நீர்த்த காஸ்டிக் சோடாவால் கரைத்தெடுத்து, கண்ணாடியைப் பலமுறை கழுவி, அதன்மேல் வாயால் ஊதிப் பார்த்தேன். மூச்சின் ஈரம் திட்டுத்திட்டாக இல்லாமல் சீராகப் பரவி மறைந்தபின்தான் உள்ளே வைத்தேன். இம்முறை 10⁻⁵ டாருக்கும் கீழே இறங்கியது. டங்ஸ்டன் சுருளில் தொங்கவிட்டிருந்த அலுமினியக் கம்பித் துண்டுகள் 660 பாகை செல்சியஸில் உருகி, சொட்டாமல் சுருளெங்கும் ஈரம்போல் பரவிப் பளபளத்தன. மின்னோட்டத்தை மேலும் ஏற்றி, ஆவியை மறைத்திருந்த ஷட்டரைத் திறந்தேன். அரை நிமிடத்திற்குள் கலத்தின் மணிவடிவக் கண்ணாடி மூடியான பெல் ஜாரின் உட்சுவரே கண்ணாடியாகி, சுருளின் ஒளி மறைந்துவிட்டது. உருகிய அலுமினியம் டங்ஸ்டனையும் சிறிது கரைத்துவிடுவதால், அந்தச் சுருள் இன்னும் சில முறைதான் தாங்கும்.

1935இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கிக்கு இயற்பியலாளர் ஜான் ஸ்ட்ராங் இதே முறையில்தான் அலுமினியம் ஏற்றினார். அதற்கு முன்பு பூசிவந்த வெள்ளி விரைவில் கறுத்துவிடும். அலுமினியத்தின் மேல் உருவாகும் ஆக்சைடோ ஒளிபுகும் மெல்லிய கவசமாக நின்று அதைக் காக்கிறது.

உன் கண்ணாடியில் உள்ள படலத்தின் தடிப்பு சுமார் 100 நானோமீட்டர். கணக்கிட்டுப் பார்த்தேன்: மொத்த எடை ஐந்து மில்லிகிராம்கூட இல்லை. நாம் இருவரும் வியந்து பார்த்த காவலூர்த் தொலைநோக்கியின் 2.34 மீட்டர் ஆடிக்கே இந்தத் தடிப்புக்கு ஏறக்குறைய ஒரு கிராம்தான் தேவைப்படும்!

இந்த முறை டேப் வெறுமையாகத்தான் வந்தது. கண்ணாடியைப் பஞ்சில் பொதிந்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் நானே எடுத்துவருகிறேன். தூசி படிந்தாலும் துணியால் துடைக்காதே, ஊதுபந்தால் மட்டும் ஊதிவிடு.

அன்புடன்,
உன் நண்பன்