கோழிக்கூட்டை மூடி அடைக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற மாத இதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில் குளிர்காலக் கோழி வளர்ப்பைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். கனடாவில் வீட்டுக்குப் பின்னால் நாலு கோழி வைத்திருக்கிற தமிழருக்காக ஒருவர் நேரமெடுத்து எழுதியிருக்கிறாரே என்று முதலில் சந்தோஷம்தான். ஆனால் அதில் சொல்லியிருக்கிற இரண்டு யோசனைகளை என்னால் பேசாமல் விட முடியவில்லை. கூட்டில் உள்ள இடுக்கு, துவாரம் எல்லாவற்றையும் பொலித்தீன் போட்டு அடைத்துவிடச் சொல்கிறார், அப்புறம் உள்ளே 250 வாட் ஹீட் லாம்ப் ஒன்றைத் தொங்கவிடச் சொல்கிறார். இரண்டையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டாலும் என் கோழிகள்தான் கஷ்டப்பட்டன.

நாங்கள் இருப்பது கிழக்கு ஒன்ராறியோவில், ஒட்டாவாவுக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டில் கோழிகள் பகலெல்லாம் வளவில் மேய்ந்துவிட்டு, பொழுதுபட்டால் தாங்களாகவே முருங்கையிலோ குந்திலோ ஏறிக்கொள்ளும். இரவில் நரி, நாய் வராமல் பார்ப்பது ஒன்றுதான் வேலை. அந்தப் பழக்கத்தோடு இங்கே ஒன்பது கோழிகளை வாங்கினேன், ஐந்து வெள்ளை லெகோர்ன், நாலு பிளைமவுத் ராக். டிசம்பர் வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. பாவம், எப்படித் தாங்கும் என்று கூட்டின் நாலு பக்கமும் பொலித்தீன் சுற்றி, கதவு இடுக்கில் பழைய துணி அடைத்து, ஒரு ஊசி நுழைய இடமில்லாமல் செய்தேன். ஜனவரியில் ஒரு இரவு மைனஸ் 27 வரை போனது. காலையில் கதவைத் திறந்தால் அமோனியா நெடி கண்ணில் அடித்தது. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் விரல் தடிப்புக்கு உறைபனி, கூரைப் பலகையில் பனித்துளிகள், கூளம் நசநசவென்று ஈரம். லெகோர்ன் ஐந்தின் கொண்டை நுனிகளும் வெளிறிப்போயிருந்தன, சில நாளில் அவை கறுத்து உதிர்ந்தன. பிளைமவுத் ராக் ஒன்று அந்த வாரத்திலேயே செத்துப்போனது, மூச்சிழுத்து மூச்சிழுத்து. அதை இப்போது எழுதும்போதும் எனக்கு மனசு சரியில்லை.

பக்கத்துப் பண்ணைக்காரர், வாழ்நாள் முழுக்க மாடும் கோழியும் வைத்திருந்தவர், வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய் மரமறுக்கும் வாளோடு திரும்பி வந்தார். கூரை இறப்புக்குக் கீழே, இரண்டு பக்கச் சுவரிலும் எதிரெதிராக நீளமான துவாரம் வெட்டிவிட்டார். வெளியில் அவ்வளவு குளிர், இந்த மனுஷன் சுவரை வெட்டுகிறாரே என்று நான் பதறிப்போனேன். மூன்றாம் நாள் கூளம் காய்ந்துவிட்டது, கண்ணாடியில் உறைபனி இல்லை, நெடியும் போய்விட்டது. கூட்டுக்குள் குளிர் முன்பைவிடக் கூடத்தான் இருந்தது, ஆனால் அதற்குப் பிறகு அந்த வருடம் ஒரு கொண்டைகூடக் கறுக்கவில்லை.

ஏன் என்பதைக் கட்டுரையாளர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ், நம்மைவிட அதிகம். இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அடியில் காற்று தங்கி அதுவே போர்வை ஆகிவிடும். கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது, எல்லாம் எச்சத்தோடுதான் போகிறது, அந்த எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். அதோடு ஒன்பது கோழிகள் இரவெல்லாம் விடுகிற மூச்சின் ஈரம். மூடிய கூட்டில் அந்த ஈரம் எங்கே போகும்? இறகில்லாத கொண்டையிலும் தாடியிலும்தான் வந்து படியும், படிந்த ஈரம் உறையும்போது சதையும் சேர்ந்து உறையும். காய்ந்த குளிரை இந்தப் பறவை தாங்கும், நனைந்த குளிரைத் தாங்காது. அதனால் துவாரம் வேண்டும், ஆனால் அது கோழி குந்தியிருக்கும் உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும். சூடான ஈரக்காற்று மேலே ஏறி வெளியே போகும், கீழே கோழியின் மேல் காற்று வீசாது. கோழி மட்டத்தில் வீசுகிற காற்றைத்தான் அடைக்க வேண்டும், கட்டுரையில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறார்கள். துவாரத்துக்கு அரை அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலை அடித்துவிடுங்கள், வீசல் என்கிற அந்தச் சின்னப் பிராணி ஒரு அங்குல ஓட்டைக்குள் நுழைந்துவிடும், பனிக்காலத்தில் அதற்கும் பசிதான். காலையில் ஜன்னலின் உள்பக்கம் உறைபனி இருந்தால் துவாரம் போதவில்லை என்று அர்த்தம். இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

சரி, ஹீட் லாம்ப். இரண்டாவது குளிர்காலத்தில் நானும் ஒன்று தொங்கவிட்டேன், ஏனென்றால் கடையில் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு நாள் விடிய எழுந்து போனால் விளக்கு சங்கிலியிலிருந்து நழுவிக் கூளத்தில் சரிந்து கிடக்கிறது, சுற்றி மரச்சீவல் கைப்பிடி அகலத்துக்குக் கருகியிருக்கிறது. ஈரமாயிருந்த இடத்தில் விழுந்ததால் தப்பினோம். மரக்கூடு, காய்ந்த சீவல், பறக்கிற தூசி, தட்டிவிடுகிற சிறகு, இவற்றுக்கு நடுவில் 250 வாட் விளக்கு! கூடு பற்றினால் பக்கத்தில் வீடு. இன்னொன்றும் இருக்கிறது. விளக்குச் சூட்டில் பழகிய கோழிக்கு மின்சாரம் போன இரவுதான் ஆபத்து. 1998 ஜனவரியில் உறைமழை கொட்டி, கியூபெக்கிலும் இந்தப் பக்கத்திலும் மின்கம்பங்கள் சரிந்து, சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை இங்குள்ள பழையவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். இலையுதிர்காலத்திலிருந்தே மெல்ல மெல்லக் குளிருக்குப் பழகிய கோழிக்கு அந்தக் கவலை கிடையாது. குஞ்சுகளுக்கும் நோயில் கிடக்கிற கோழிக்கும் சூடு வேண்டும், அதை மறுக்கவில்லை, அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள்.

கட்டுரையில் ஒரு வார்த்தைகூட வராத விஷயம், எந்த இனம் என்பது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். மொன்றியலுக்கு மேற்கே ஓக்கா என்ற ஊர், அந்த ஊர்ப் பெயரில் ஒரு சீஸ் உண்டு, பலர் சாப்பிட்டிருப்பீர்கள். அங்கே டிராப்பிஸ்ட் என்கிற கத்தோலிக்கத் துறவிகளின் மடத்தில் இருந்த பிரதர் வில்பிரிட் ஷாத்லேன் என்பவர், இந்த நாட்டுக் குளிருக்கென்றே ஒரு கோழி வேண்டும் என்று பல ஆண்டுகள் இனக்கலப்புச் செய்து உருவாக்கியதுதான் ஷாண்டெக்லேர். 1918இல் அதை வெளியே காட்டினார், 1921இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் அதைத் தனி இனமாக ஏற்றது. கொண்டை தலையோடு ஒட்டிய சின்னக் குமிழ் மாதிரி, தாடி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. உறைவதற்கு ஒன்றும் வெளியில் நீட்டிக்கொண்டிருக்காது. அவர் சேர்த்த இனங்களில் ஒன்று டார்க் கோர்னிஷ். அந்தக் கோர்னிஷை இங்கிலாந்தில் உருவாக்கியதோ நம்முடைய அசில் சண்டைச் சேவலைக் கொண்டுபோய்! ஷாண்டெக்லேரின் கால் மஞ்சள். கோழிகளுக்கு அந்த மஞ்சளைத் தந்த மரபணு தென்னிந்தியக் காடுகளில் திரிகிற சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். மைனஸ் 25இல் பனியைக் கிளறிக்கொண்டு நிற்கிற வெள்ளைக் கோழியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வரும், நம் வெயில் ஊர் இரத்தமும் அதில் ஓடுகிறதே என்று. இப்போது என்னிடம் இருப்பதில் ஆறு ஷாண்டெக்லேர்தான். அது கிடைக்காவிட்டால் வயன்டாட் வாங்குங்கள், கொண்டை தட்டையாகப் படிந்திருக்கும். லெகோர்ன் நன்றாக முட்டையிடும், ஆனால் அந்தப் பெரிய கொண்டையோடு இந்தக் குளிரில் அதை வைத்திருக்க எனக்கு இனி மனம் வராது.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். கோழி ஏறி உட்கார உருண்டைத் தடி வேண்டாம், இரண்டுக்கு நாலு அங்குலப் பலகையின் அகலப் பக்கத்தை மேலே வைத்து அடியுங்கள், அப்போதுதான் உட்காரும்போது விரல்களை வயிற்று இறகால் மூடிக்கொள்ளும். படுக்கப் போகுமுன் ஒரு கைப்பிடி சோளம் போட்டால் இரவெல்லாம் செரித்துக்கொண்டிருக்கும், அந்தச் சூடு உடம்புக்கு. தண்ணீர் உறையாமல் பார்ப்பதுதான் குளிர்காலத்தின் பெரிய வேலை, தண்ணீர் குடிக்காத கோழி தீனியும் எடுக்காது. நான் காலையும் மத்தியானமும் இளஞ்சூட்டுத் தண்ணீர் சுமக்கிறேன். முட்டை குறைகிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு, அது குளிரால் இல்லை, வெளிச்சத்தால். முட்டையிட ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும், டிசம்பர் கடைசியில் இங்கே பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. சிலர் விளக்குப் போட்டு முட்டை வாங்குகிறார்கள். நான் போடுவதில்லை, இறகு மாற்றி முடித்த உடம்பு கொஞ்ச நாள் ஆறட்டும்.

ஆசிரியரே, கட்டுரையாளரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அக்கறையில்தான் அவரும் எழுதியிருப்பார். ஆனால் உங்கள் இதழை நம்பி இந்த வாரக் கடைசியில் பொலித்தீனும் விளக்கும் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அந்த இரண்டு யோசனைகளையும் திருத்தி அடுத்த இதழிலேயே போடுங்கள், அதற்கடுத்த மாதம் வரை வைக்காதீர்கள். இங்கே நேற்று இரவே கூட்டு வாசலில் வைத்த தண்ணீரில் பனிக்கட்டி ஏடு கட்டிவிட்டது.

அன்புடன்,
ஒரு வாசகி
கிழக்கு ஒன்ராறியோ, கனடா