வரும் ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழு: கடற்கரை ஊர்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினம் முதல் வாலிநோக்கம் வரை, அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் வணக்கம்.

பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்டு 2024 ஆகஸ்டில் அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுக்களின் இரண்டாண்டுக் காலம் 2026 ஆகஸ்டில் முடிகிறது. உங்கள் பள்ளியின் குழு மாதந்தோறும் கூடி, குடிநீருக்கும் கழிப்பறைக்கும் தீர்மானம் போட்டு, அலுவலகம் அலுவலகமாக நடந்து வேலையை முடித்திருந்தால், தகுதி உள்ளவர்களைத் திரும்பவும் உட்கார வையுங்கள். பெயர்ப் பலகையில் மட்டும் இருக்கிற குழு என்றால் மாற்றுங்கள். ஆனால் அது கூட்டத்தன்று தொடங்குகிற வேலை இல்லை. மீன்பிடித் தடைக்காலத்திலேயே தொடங்க வேண்டும்.

ஏனென்றால், 2024இல் குழுவைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கும் மறுகட்டமைப்புக் கூட்டங்கள் நடந்தது சனிக்கிழமைகளில். ராமேசுவரம் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போகிற நாள் திங்கள், புதன், சனி. சனிக்கிழமை கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக் கிளம்பியவர் ஞாயிறு காலையில்தான் கரை சேர்வார். கீழக்கரைப் பக்கம் பல வீடுகளில் தகப்பன் வளைகுடா நாட்டில் இருக்கிறார். கடற்பாசி எடுக்கும் பெண்களுக்குத் தீவுக்குப் போகிற நாளை விட்டால் அந்த வருமானம் போனதுதான். கரிமூட்டத்துக்கும் உப்பளத்துக்கும் போகிறவர்கள் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர வேண்டும். உறுப்பினர் தேர்வோ பெற்றோர் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கைதூக்கி நடக்கிறது. வந்தவர் கைதான் கணக்கு. எந்த நாளும் கரையில் இருக்க முடிகிறவர்களே குழுவிலும் இருக்கிறார்கள். யாரும் சதி செய்ய வேண்டியதில்லை, நாள்காட்டியே செய்துவிடுகிறது.

அதனால் முதல் வேலை நாளை மாற்றக் கேட்பது. விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதன் நடுவில் மே 1 அன்று கிராம சபை வருகிறது. ஆண்கள் பெரும்பாலும் ஊரில் இருக்கிற கிராம சபை அது ஒன்றுதான். இந்த வாசகத்தை அப்படியே எழுதிக் கொடுங்கள்: ‘எங்கள் ஊராட்சியில் உள்ள அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு மறுகட்டமைப்புக் கூட்டத்தை, விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத ஞாயிறு மாலை 4 மணிக்கு நடத்தக் கோரித் தீர்மானிக்கப்படுகிறது.’ ஞாயிறு காலை வேண்டாம். கிறிஸ்தவ ஊர்களில் பூசை இருக்கும், இறங்குதளத்தில் மீன் விற்பனையும் இருக்கும். 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுக்கப் பெற்றோர் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். முன்மாதிரி இருக்கிறது, தயங்க வேண்டாம். கிராம சபையில் வழக்கமாக நடக்கிற கோளாறு, நுழையும்போதே கையெழுத்து வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு எழுதுவது. உங்கள் தீர்மானம் பதிவேட்டில் ஏறியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள். ராமேசுவரம், கீழக்கரை நகராட்சிகளிலும் மண்டபம் பேரூராட்சியிலும் கிராம சபை கிடையாது. அங்கே இதே கோரிக்கையை மனுவாக எழுதி முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒன்றும், திங்கள்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியருக்கு ஒன்றும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நாள் மாறினாலும் மாறாவிட்டாலும் வீடு வீடாகப் போகிற வேலை இருக்கிறது. இதில்தான் பெரும்பாலான ஊர்கள் சோர்ந்துவிடுகின்றன. 120 பிள்ளைகள் படிக்கிற பள்ளி என்றால், அண்ணன் தங்கை கணக்கைக் கழித்தால் ஏறக்குறைய 80 வீடு வரும். ஆளுக்கு எட்டு வீடு, பத்துப் பேர் போதும். பத்துப் பேரில் ஆறு பேராவது பெண்களாக இருக்கட்டும். பகலில் வீட்டில் இருப்பது பெண்கள், அவர்களிடம் பேசப் போகிறவரும் பெண்ணாக இருந்தால் பேச்சு நீளும். ஒரு நோட்டில் தெருவாரியாக எழுதுங்கள்: பிள்ளை பெயர், வகுப்பு, கூட்டத்துக்கு யார் வருவார், அவருக்கு எந்த நாள் தோதுப்படும். தகப்பன் வெளிநாட்டிலும் தாய் வேலையிலும் இருந்தால், பிள்ளையை வளர்க்கும் பாட்டி வரலாம். சட்டம் பெற்றோர் என்பதோடு பாதுகாவலர் என்றும் சொல்கிறது.

அடுத்தது யாரை உட்கார வைப்பது. குழுவில் மொத்தம் 24 பேர். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி நான்கில் மூன்று பங்கு, அதாவது 18 பேர், பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப்பேர், அதாவது 12 பேர், பெண்கள். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அந்தக் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற பங்கு தர வேண்டும். தலைவரும் துணைத் தலைவரும் பெற்றோர் உறுப்பினர்களில் இருந்துதான் வர முடியும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறோம்: தன் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றி ராமநாதபுரத்துக்கு அனுப்புகிற எவரும், ஊரில் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், பெற்றோர் இடத்தில் உட்கார முடியாது. பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, மேலாண்மைக் குழு வேறு; இரண்டையும் குழப்பித்தான் பல ஊர்களில் அந்த இடங்கள் போய்விடுகின்றன.

18 இடத்துக்கு 25 பெயர் தயாராக வையுங்கள். கடைசி வாரத்தில் நாலைந்து பேர் பின்வாங்குவது இயல்பு. பெயர் எழுதும்போது பிள்ளையின் வகுப்பைப் பாருங்கள். தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் தாயைத் தலைவராக்கினால், அடுத்த ஜூனில் பிள்ளை வேறு பள்ளிக்குப் போய்விடும், அவருடைய உறுப்பினர் பதவியும் அதோடு போய்விடும். ஒன்று முதல் மூன்று வரை படிக்கிற பிள்ளைகளின் பெற்றோரை முதலில் வைத்து, பெரிய வகுப்புகளுக்கு ஒன்றிரண்டு இடம் விடுங்கள். நோட்டைத் திருப்பிப் பாருங்கள்: காலனித் தெருவில் இருந்து யார், சுனாமிக் குடியிருப்பில் இருந்து யார், மாற்றுத்திறன் குழந்தையின் தாய் யார் என்று. ஒரே தெருவின் குழுவை எடுத்துவிட்டு இன்னொரு தெருவின் குழுவை வைப்பதற்கு இத்தனை பாடு தேவையில்லை.

பழைய குழுவைக் குறை சொல்வதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். உறுப்பினர் பட்டியல், கடந்த இரண்டாண்டுத் தீர்மானப் பதிவேடு, பள்ளி மானிய வரவு செலவு ஆகியவற்றின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், பதிலுக்கு 30 நாள் கெடு. மே மாதமே போட்டால்தான் மேல்முறையீட்டுக்கும் நேரம் இருக்கும். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய், 250 வரை 50,000, 1000 வரை 75,000. 30 பேர் வரை மட்டும் உள்ள பள்ளிக்கு 10,000. ஆனால் 2024-25இல் ஒன்றிய அரசு, இந்த மானியம் வருகிற, தமிழ்நாட்டுக்கான சமக்ர சிக்‌ஷா நிதியை நிறுத்திவைத்தது. வராத பணத்தைத் தின்றதாக யாரையும் சொல்லிவிடாதீர்கள். ஒரு பொய்க் குற்றச்சாட்டு போதும், நீங்கள் சேர்த்த 80 வீட்டில் பாதி விலகிவிடும்.

தலைமையாசிரியரை எதிரியாக்குவதும் அப்படித்தான். அவர் பதவி வழியாகக் குழுவில் இருப்பவர், இந்தத் தேர்வில் அவரை மாற்ற முடியாது. ‘சாருக்கு எதிராக’ என்று பேச்சு கிளம்பினால், பிள்ளைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று தாய்மார்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஜூன் மாதமே நேரில் போய், நாங்கள் இத்தனை பேர் வரப்போகிறோம், நாற்காலியும் பதிவேடும் அதற்குத் தக்கபடி இருக்கட்டும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஊர்க் கமிட்டிக்கும் ஜமாத்துக்கும் தேவாலயப் பங்குப் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டத்துக்கு வரச்சொல்லி மைக்கில் அறிவியுங்கள், அது பெரிய உதவி. பெயர்ப் பட்டியலை மட்டும் நீங்கள் எழுதி அனுப்பாதீர்கள்.

கூட்டத்தன்று அரை மணி நேரம் முன்பே போங்கள். பெயர்கள் ஏற்கெனவே எழுதப்பட்ட தாளில் கையெழுத்துக் கேட்டால், போடாமல் முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் கைகளை எண்ணி, எண்ணிக்கையைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். முடிந்ததும் அந்தப் பக்கத்தை இரண்டு பேர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழுவின் தீர்மானங்கள் பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியில் ஏறுகின்றன. அதில் தலைவருக்கென்று கொடுக்கும் எண் அந்தத் தாயின் கையில் இருக்கிற கைப்பேசியின் எண்ணாக இருக்கட்டும், கணவருடையதோ ஆசிரியருடையதோ வேண்டாம். உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் இடத்தில் யார் என்றும் கேளுங்கள். நம் மாவட்ட ஊராட்சிகளில் 2019இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்றே முடிந்துவிட்டது.

விதி மீறி நடந்தால் அங்கேயே சத்தம் போட வேண்டாம். குறைந்தது பத்துப் பெற்றோர் கையெழுத்தோடு, எந்த விதி, எந்தப் பெயர், எத்தனை பேர் முன்னிலையில் என்று ஒரே பக்கத்தில் எழுதி, மறுநாளே வட்டாரக் கல்வி அலுவலருக்கும் உள்ளாட்சி அமைப்புக்கும் கொடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, இப்படிப்பட்ட புகாரை மூன்று மாதத்துக்குள் முடிக்கச் சொல்கிறது. அங்கே தீராவிட்டால் மேல்முறையீடு மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போகும்.

இப்படிக்கு,
கடற்கரை ஊர்ப் பெற்றோர் சிலர்