துணியின் நிறத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

செஞ்சிக்கு அருகில் ஒரு சிற்றூரில் பயிர்த்தொழில் செய்யும் நானும் என் மனைவியும், எங்கள் மகளுக்கு இரண்டு வயது நிறைந்த இந்த வாரத்தில், அவளுடைய ஈரலைக் காத்துத் தந்தவர்களுக்கு இம்மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி எங்கள் கிராம சுகாதார செவிலியர் அம்மாவுக்கு. பிறந்த மூன்றாம் நாளே மகளுக்குக் கண்ணும் உடம்பும் மஞ்சளித்தன. பச்சிளங்குழந்தைகள் பலருக்கும் இப்படி வந்து தானே வடியும் என்று பிரசவம் பார்த்த இடத்தில் சொன்னது உண்மைதான். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் மஞ்சள் நீடித்தால் இரத்தம் பார்க்க வேண்டும் என்பதை யாரும் சொல்லி அனுப்பவில்லை. பால் நன்றாகக் குடித்தாள், எடையும் கூடியது; ஆகவே இளவெயிலில் காட்டிக்கொண்டே ஒரு மாதத்தைக் கழித்துவிட்டோம். 42-ஆம் நாள் வீட்டுக்கு வந்த செவிலியர் அம்மா, குழந்தையின் கண்ணைப் பார்த்த கையோடு, அலசாத துணி இருந்தால் எடுத்து வரச் சொன்னார். மலம் சுண்ணாம்பைக் கரைத்ததுபோல் வெளுத்திருந்தது. சிறுநீர் பட்ட இடமோ அடர்மஞ்சளாகக் கறைபட்டிருந்தது. "தம்பி, நாளைக்குக் காலையிலயே கிளம்புங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார். கீழாநெல்லியை அரைக்க எடுத்துவைத்திருந்த என் தாயை அவர் கடிந்துகொள்ளவில்லை. பக்கத்தில் அமர்ந்து, மலத்துக்கு நிறம் தருவதே பித்தம்தான் என்றும், அது குடலுக்கு இறங்காமல் ஈரலில் தேங்கினால் எந்தப் பச்சிலையாலும் வழிதிறக்க முடியாது என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், உடம்பை மஞ்சளாக்கும் பிலிரூபின் என்னும் பொருளின் மொத்த அளவை இரத்தத்தில் பார்ப்பதோடு நிறுத்தாமல், ஈரல் பக்குவப்படுத்திப் பித்தத்தில் சேர்க்கும் பகுதியான நேரடி பிலிரூபினையும் பார்க்கச் செய்தார். மொத்தம் 9.4, அதில் நேரடி 6.2. தாய்ப்பாலால் நீடிக்கும் மஞ்சளில் இந்த நேரடிப் பகுதி உயராது என்பதை அன்றுதான் அறிந்தோம். அவரே சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, எங்களை அனுப்பிவைத்தார்.

எழும்பூரில் ஸ்கேனும் ஈரல் திசுப் பரிசோதனையும் முடிந்தபின், 'பிலியரி அட்ரீசியா' என்னும் பித்தநாள அடைப்பாக இருக்கக்கூடும் என்றார்கள். 57-ஆம் நாள் வயிற்றைத் திறந்து, நாளத்தில் சாயம் செலுத்திப் படம் எடுத்து அதை உறுதிசெய்த அறுவை மருத்துவர்கள், சுருங்கிப்போன நாளங்களை நீக்கிவிட்டு, சிறுகுடலின் ஒரு துண்டை ஈரலின் வாயிலில் இணைத்தார்கள். நாள் கடக்கக் கடக்க ஈரல் தழும்பேறி, இதன் பலன் குறைந்துகொண்டே போகும் என்பதால்தான் அந்த ஒவ்வொரு நாளையும் எண்ணிக் குறிப்பிடுகிறேன். இம்முறையை 1950-களில் ஜப்பானின் செண்டாய் நகரில் உருவாக்கிய மோரியோ கசாய் 2008-இல் மறைந்துவிட்டார். ஆயினும் அவருக்கும் எங்கள் வணக்கம் உரியது.

முகம் தெரியாத எங்களுக்கு இரத்தம் தந்த மாணவர்கள், காப்பீட்டுத் தாள்களை எங்களுக்காக நிரப்பித் தந்த பணியாளர், சத்து எண்ணெயையும் வைட்டமின் மருந்துகளையும் எப்படி அளந்து கொடுப்பது என்று என் மனைவிக்குக் கற்பித்த செவிலியர்கள் ஆகிய எல்லோருக்கும் நன்றி. அறுவைக்குப் பின் எட்டாம் நாள் விடியற்காலையில் துணியை மாற்றியபோது, பச்சை கலந்த மஞ்சள் நிறத்தை முதலில் கண்டு எங்களை எழுப்பியவர் வார்டின் தூய்மைப் பணியாளர் அம்மா.

அந்தக் காலையில் பக்கத்துக் கட்டில் தாயும் எழுந்து வந்து என் மனைவியின் கைகளைப் பற்றிக்கொண்டார். அவருடைய மகன் நான்கு மாதம் கடந்த பிறகே அங்கு வந்து சேர்ந்திருந்தான். ஈரல் மாற்று ஒன்றே வழி என்று அவரிடம் முந்தைய நாள்தான் சொல்லியிருந்தார்கள். அந்நிலையிலும் எங்களுக்காக மகிழ்ந்த அச்சகோதரிக்கு நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள்.

மகளுக்கு இப்போது பிலிரூபின் 1-க்குக் கீழ் நிற்கிறது. பின்னாளில் அவளுக்கும் மாற்று ஈரல் தேவைப்படலாம் என்பதை மருத்துவர்கள் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்கும் நன்றி. அப்படி ஒரு நாள் வந்தால் தன் ஈரலில் ஒரு பகுதியைத் தருவதாக என் தங்கை, மகளின் அத்தை, கேளாமலே சொல்லியிருக்கிறாள்.

அடுத்த மாதப் பரிசோதனைக்குத் திண்டிவனத்திலிருந்து ரயிலில் வருகிறோம். வார்டு வாசல்வரை மகள் தன் காலாலேயே நடந்து வருவாள்.

பணிவுடன்,
செஞ்சி வட்டாரத்திலிருந்து ஒரு தந்தையும் தாயும்