அவன் ஏன் மேசைக்கடியில் போனான் என்று கேளுங்கள்

கொழும்பிலுள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

என் மகனுக்கு ஓட்டிசம் இருக்கிறது. அதை உங்களிடம் நான் ஒருநாளும் மறைத்ததில்லை. ஆனால் அந்தச் சொல்லைச் சொன்ன நாளிலிருந்து, அவன் எதைச் செய்தாலும் அதுவே காரணமாகிவிட்டது. சாப்பாடு வேண்டாம் என்றால் ஓட்டிசம். படியேற மறுத்தால் ஓட்டிசம். பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்பார் எவருமில்லை. நடந்ததை நானே சொல்கிறேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். அவனுக்கு அப்போது ஏழு வயது. ஜன்னலோரத்தில் போத்தல் மூடிகளை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான். காலை 8.45 மணியளவில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன, மூடிகள் எல்லாம் தரையில் சிதறி உருண்டன. அவன் அழவில்லை. இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்துவிட்டான். செவ்வாய்க்கிழமைகளில் சைவர்களாகிய நாங்களும் மெழுகுதிரி ஏற்றப் போகும் கோயில் அது. அன்று நாட்டின் பல இடங்களில் வெடித்த குண்டுகளில் 250 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரவு முழுவதும் நான் அவனிடம் ஒன்றையே சொன்னேன்: "முடிந்துவிட்டது ராசா, இனிச் சத்தம் வராது."

மறுநாள் பின்னேரம், அதே கோயிலுக்கு அருகே நின்ற வான் வண்டியிலிருந்த குண்டைச் செயலிழக்கச் செய்ய முயன்றபோது அது வெடித்தது.

சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் பிள்ளை அவன். "ஐந்து நிமிடத்தில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஆறாவது நிமிடம் வந்தால், நான் பொய் சொன்னவள். அந்த இரண்டாவது வெடியோடு அம்மாவின் வார்த்தையும் அவனுக்கு உடைந்துபோனது. "ஒன்றுமில்லை, பயப்படாதே" என்று யார் சொன்னாலும் இன்றைக்கும் அவன் நடுங்குவது அதனால்தான்.

மே மாதம் பாடசாலை திறந்தபோது வாசலில் பைகளைச் சோதித்தார்கள். அந்த நேரத்தில் அது தேவைதான். ஆனால் அவன் பையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு. முன்பின் தெரியாத கை உள்ளே போனதும் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான். அந்த மாதம் முடிவதற்குள் பேச்சு நின்றது. முழு வசனம் பேசிய பிள்ளை, வேண்டியதை விரலால் காட்டத் தொடங்கினான்.

சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், "ஓட்டிசத்தில் இப்படியும் நடக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஓட்டிசத்தில் பேச்சு மறைவது பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டித்தான். ஏழு வயதில் மறைந்தால் வேறு காரணம் தேட வேண்டும். இதை நான் மிகவும் பிந்தித்தான் அறிந்தேன்.

மனவடு, அதாவது பெரிய அதிர்ச்சி மனதில் விட்டுப்போகும் காயம், எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி வெளிப்படுவதில்லை. கெட்ட கனவைச் சொல்லத் தெரிந்த பிள்ளை சொல்லிவிடும். தனக்குள் இருப்பது பயமா பசியா என்று பிரித்தறியவே கஷ்டப்படும் பிள்ளை என்ன செய்யும்? கற்றதை இழக்கும். ஆடுவதும் தட்டுவதும் அடுக்குவதும் கூடும். தூக்கம் கெடும். தொட்டால் உதறும். இவை எல்லாம் ஓட்டிசத்தின் குறிகளைப் போலவே இருப்பதால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மறுபக்கமும் உண்டு. அப்படியான அதிர்ச்சிக்கு ஆளாகி, கதவையும் சத்தத்தையுமே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கவனமில்லாத பிள்ளை என்று நினைத்துவிடுகிறோம். ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும்) உள்ள பிள்ளை என்றால் அந்தச் சந்தேகம்கூட வராது.

பேச்சு திரும்பி வர ஒன்றரை வருடம் ஆனது. தமிழில் பேச்சுச் சிகிச்சை தருபவரைக் கொழும்பில் தேடி அலைந்தது தனிக் கதை.

பிறகு, இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான பயிற்சி. ஓட்டத்தைத் தொடக்கத் துப்பாக்கி வெடித்தார்கள். எங்களுக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. அவன் வகுப்பறைக்கு ஓடி மேசைக்கடியில் போனான். ஏழு வயதில் போன அதே இடம். இரண்டு ஆசிரியர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அவன் ஒருவரைக் கடித்துவிட்டான். கடித்தது பிழை, அந்த ஆசிரியரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். வீட்டுக்கு வந்த கடிதத்தில் "ஒழுக்கமீறல்" என்று இருந்தது. வேறு பாடசாலை பார்ப்பது நல்லது என்றும் இருந்தது. அவனுடைய மேற்கையில் விரல் தடங்கள் மூன்று நாள் மாறவில்லை.

உடல் தண்டனையைத் தடைசெய்யும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுற்றறிக்கை உங்கள் அலுமாரியில் இருக்கும். நாங்கள் அடிக்கவில்லையே என்பீர்கள். உயிருக்குப் பயந்து ஒளிந்த பிள்ளையைப் பிடித்து இழுப்பது அவனுக்கு அடியிலும் பெரிது. பாடசாலையின் பெயரை நான் எழுதவில்லை. என்னோடு பேசிய வேறு தாய்மாரும் இதே கதையைத்தான் சொன்னார்கள்.

உங்களுக்கு இது விளங்காத விஷயமே அல்ல. 1983 ஜூலைக் கலவரத்தைச் சிறுவயதில் கண்டவர்கள் உங்களுக்குள் இருக்கிறீர்கள். வன்னிப் போரிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் இருக்கிறீர்கள். தீபாவளி வெடிக்கு இன்றைக்கும் நெஞ்சு திடுக்கிடுகிறது அல்லவா? அந்தத் திடுக்கிடலுக்காக உங்களை ஒருவர் கையைப் பிடித்து இழுத்தால் பொறுப்பீர்களா?

பிள்ளை ஒளிந்தால் ஒளிந்திருக்க விடுங்கள். வாசலை மறித்து நிற்காதீர்கள். சுற்றி நிற்கும் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். ஒருவர் மட்டும் சற்றுத் தள்ளித் தரையில் இருங்கள், கேள்வி எதுவும் கேட்காமல். என் மகனுக்கு இருபது நிமிடம் போதும். தொடுவதற்கு முன் சொல்லுங்கள். முக்கியமாக, ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். "சத்தம் வரும், மூன்று முறை வரும், பிறகு நிற்கும்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அவனுடைய தமிழ் ஆசிரியை அன்றன்றைய மாற்றங்களை ஒரு துண்டில் எழுதி அவன் மேசையில் வைப்பார். அவருடைய பாடத்தில் இன்றுவரை ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. பாடசாலையில் உளவளத்துணை ஆசிரியர் இருந்தால், தண்டனைக் கடிதம் எழுதுவதற்கு முன் அவரையும் எங்களையும் ஒரே மேசையில் இருத்திப் பேசுங்கள்.

அடுத்த மெய்வல்லுநர் போட்டி எந்த நாள், முதல் வெடி எத்தனை மணிக்கு, எத்தனை ஓட்டங்கள் என்று எழுதி அனுப்புங்கள். வெடிக்குப் பதிலாகக் கொடி என்றால் அதையும் எழுதுங்கள். நான் அவனுக்கு வாசித்துக் காட்டுகிறேன். எழுதியபடியே நடக்கும் என்று நான் அவனுக்குச் சொல்லலாமா?

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய்