பெயர் குறிப்பிடாமல் ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் அருட்சகோதரிக்கும்,

மன்னாரின் முன்னாள் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை பெரிய வியாழனன்று, 2021 ஏப்ரல் 1ஆம் திகதி, இறைவனடி சேர்ந்தார். அவருடைய அடக்கத் திருப்பலியைச் சுவிஸில் இருந்தபடி கைபேசியில்தான் பார்க்க முடிந்தது. கூட்டத்துக்குள் உங்கள் முகங்களைத் தேடினேன். இரண்டு பேரைக் கண்டேன். ஏழு ஆண்டுகளாக நெஞ்சுக்குள் வைத்திருந்த நன்றியை அன்றிரவே எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் பெயர்களை எழுதவில்லை. 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் நீக்கப்படவில்லை. என் நன்றியே உங்கள் படலைக்கு ஜீப்பைக் கூட்டிவந்துவிடக் கூடாது. வாசிக்கும்போது யாருக்கு எந்த வரி என்று உங்களுக்கே தெரியும்.

2008 ஒக்டோபரில், இலங்கையின் வடக்கே போர் நடந்த வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர் என்றது கச்சேரியின், அதாவது அரசின் மாவட்டச் செயலகத்தின், கணக்கு. போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர் என்றது ஐ.நா. கணக்கு. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று 2011 ஜனவரியில், போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஆண்டகை கேட்டார். அரசின் கச்சேரிக் கணக்கையும் ஐ.நா. கணக்கையும் வைத்து அரசைக் கேட்ட கேள்வி அது. அந்த எண்ணுக்குள் இருந்தவர்களைப் பெயர் பெயராகக் கொப்பிகளில் எழுதியதுதான் நாங்கள் செய்த குற்றம். 2009 மே 18இல் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு போன அருட்தந்தை பிரான்சிஸ் யோசப்பின் பெயரும் அவற்றில் இருக்கிறது. இன்றுவரை அவர் திரும்பவில்லை.

2014 மார்ச்சில், ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை கூடியிருந்த நேரம், கிளிநொச்சியில் ஓர் அருட்தந்தையும் இன்னொரு செயற்பாட்டாளரும் கைதாகிச் சில நாட்களில் விடுவிக்கப்பட்டார்கள். அடுத்த கிழமை, சிவில் உடையில் இருவர் என் மகளின் முன்பள்ளிக்குப் போய் அவள் எந்தப் பிள்ளை என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு அப்போது நான்கு வயது.

அன்று அந்தி சாய்வதற்குள் எங்களை ஏற்றிச் சென்ற ஆட்டோ அண்ணா, நீங்கள் பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை. சோதனைச் சாவடியில் "அக்காவின் பிள்ளை, காய்ச்சல்" என்று சொல்லி மகளின் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டீர்கள். அந்தத் துணியை மனைவி இன்னும் வைத்திருக்கிறாள்.

சிஸ்டர், உங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை. கன்னியர் மடத்தின் பின்னறையில் பத்தொன்பது நாட்கள் எங்களை வைத்திருந்தீர்கள். முதல் இரவு வாசலில் வாகனச் சத்தம் கேட்டபோது நீங்களே விளக்கை ஏந்திக்கொண்டு முன்னால் போனீர்கள். திரும்பி வந்து "பய வெண்ட எப்பா", பயப்பட வேண்டாம், என்றீர்கள். உங்கள் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு செபமாலை சொன்னோம், நீங்கள் சிங்களத்தில், நாங்கள் தமிழில். மகள் இரண்டையும் கலந்து சொன்னாள். எங்களைக் காட்டிக்கொடுத்திருந்தால் உங்களுக்கு ஒரு கஷ்டமும் வந்திருக்காது. சிங்களவர் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த என்னை மாற்றியவர் நீங்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

காசு வாங்காமல் வாதாடிய சட்டத்தரணிக்கும், இங்கே அகதி முகாமில் குளிருடுப்போடு வந்து நின்ற யாழ்ப்பாணத்து மாமிக்கும் நன்றி. மாமி, ஐன்சீடல்ன் மாதா கோவில் யாத்திரைக்கு இந்த முறையும் உங்களோடுதான் வருவோம்.

கடைசியாக, மீன்வாடி அக்கா. கருவாட்டு மூட்டைகளுக்கு அடியில் பதினொரு கொப்பிகளை நான்கு மாதம் மறைத்து வைத்திருந்தீர்கள். இரண்டு முறை வாடியைக் கிண்டியும் ஒன்றும் அகப்படவில்லை என்று பிறகுதான் அறிந்தேன். பதினொன்றும் நனையாமல் என் கைக்கு வந்து சேர்ந்தன. உங்கள் மகனின் பெயர் மூன்றாம் கொப்பியில், பதினான்காம் பக்கத்தில், நீங்கள் சொன்ன நீலச் சேர்ட் விபரத்தோடு இருக்கிறது. ஜெனீவாவில் கொடுத்த பட்டியலிலும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

என்றும் உங்கள்
தம்பி