குசினி வேண்டாம், கதிரை போதும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிற, ஒல்லாந்து ஓவியர் வெர்மீர் வரைந்த பால் ஊற்றும் பெண். அவளைப் போல உங்களையும் குசினியில் வைத்து வரையப் போகிறேன், அடுப்படியில் நின்று ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கோ என்று கேட்டிருக்கிறாய்.

ஃபோனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெர்மீர் கெட்டிக்காரன்தான். மடித்துவிட்ட சட்டைக்கை வரை வெள்ளைத் தோல், அதற்குக் கீழே சிவந்து கறுத்த கை. சுவரில் ஒரு ஆணி, ஆணி பிடுங்கின ஓட்டைகள். யன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது. வரைய வருகிறார் என்றால் நாங்கள் இதையெல்லாம் மறைத்துவிட மாட்டோமா! பால் நூலாக விழுகிறது, அவளுடைய கண்ணும் அதிலேதான். இவ்வளவும் ஒன்றரை அடிகூட உயரமில்லாத துணியில்.

அப்பாவிடம் காட்டியது வினையாகப் போயிற்று. 1656இல் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்ததில் தொடங்கி, வெர்மீரின் ஊர் டெல்ஃப்ட், அந்தப் பெயரைத்தான் எங்கள் நெடுந்தீவுக்கும் வைத்தார்கள் என்று முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவள் அந்த வீட்டு வேலைக்காரி. அடுப்படி அவளுடைய உத்தியோகம், அதனால் அங்கே நிற்க வைத்தது நியாயம். நான் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் படிப்பித்தவள். சமையல் முடிந்ததும் குசினியை விட்டு எப்போது வெளியே வருவேன் என்று இருப்பவள். அம்மா என்றதும் உனக்கு ஏன் அடுப்புத்தான் ஞாபகம் வருகிறது?

பின்னேரம் கடற்பக்க யன்னலோரம் கதிரையில் இருந்து டியூஷன் பிள்ளைகளின் கொப்பி திருத்துவேனே, அதை வரை. கண்ணாடி மூக்கு நுனியில் இருக்கட்டும். விரலில் சிவப்பு மை இருந்தால் அதையும் போடு. பின்னால் தெரிகிற அப்பாவின் மருந்துப் பெட்டி, பழைய பேப்பர்க்கட்டு எல்லாவற்றையும் நீ மூடிவிடலாம். வெர்மீரும் அப்படித்தான் செய்திருக்கிறார்: தலைக்குப் பின்னால் குடங்கள் மாட்டிய பலகையும் கீழே ஒரு கூடையும் முதலில் கீறிவிட்டுப் பிறகு அழித்தார் என்று 2022இல் ஸ்கேன் பண்ணிக் கண்டுபிடித்தார்களாம். வெறுஞ்சுவராக விட்டதால்தான் பார்க்கிறவன் கண் அவளை விட்டு நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபோட்டோ அனுப்புகிறேன். பட்டுச்சேலை கட்டச் சொல்லி அப்பா நிற்கிறார். நான் ஹவுஸ்கோட்டோடுதான் இருப்பேன். வேலைக்காரியின் ஏப்ரனுக்கே லாபிஸ் கல்லை அரைத்த விலை கூடின நீலத்தைப் பூசியிருக்கிறார் மனிதர். நீயும் மலிவு பெயின்ற் வாங்காதே.

அன்புடன்,
அம்மா
வெள்ளவத்தை